பனிமலைக்குப் போகும் பிள்ளைகள்: முதலில் பொருளா, பாடமா?



இவ்வலைப்பதிவில் வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று பனியைப் பற்றி எழுதப் போகிறேன். "கேமரன் மலைக்குப் போனாலே போர்வை தேடுகிற நமக்குப் பனி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சென்ற தீபாவளி வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அக்காள் மகன், நம் அரசாங்கம் 1982இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின் வழி ஜப்பானுக்குப் படிக்கச் சென்றவன். படிப்பு முடிந்து இப்போது ஹொக்கைடோ தீவில், சப்போரோ நகரில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் முறுக்கைக் கடித்தபடியே கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம், காற்றுப்பை வைத்த முதுகுப்பை என்று நீண்டது அது. கூட்டிப் பார்த்தால் என் இரண்டு மாதச் சம்பளம்! "வரும் ஜனவரியில் நண்பர்களோடு ஸ்கீ டூரிங் போகிறேன் சின்னம்மா," என்றான்.

அடுப்படியிலிருந்து அக்காள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதெல்லாம் வாங்கிவிட்டால் ஆபத்து இல்லைதானே?"

"அதற்காகத்தானே அம்மா இவ்வளவு செலவு!"

அக்காள் நிம்மதியாகத் தோசைக் கல்லின் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்தியது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவனோடும் பலமுறை வாதாடினேன். நான் மலையேறி அல்லள். 2018ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் குடும்பத்தோடு நிசேக்கோவுக்குப் போய், மூன்று நாள் பனிச்சறுக்குப் பழகி, முந்நூறு முறை விழுந்து எழுந்தவள். அவ்வளவுதான் என் தகுதி. எனினும், கற்பதும் கற்பிப்பதும் என் தொழில். இந்த விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஸ்கீ டூரிங் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் சுற்றுலாவில் பார்க்கும் பனிச்சறுக்குத் திடலில் மின்தூக்கி நம்மை மேலே கொண்டுபோய் விடும். இரவில் எந்திரத்தை ஓட்டித் தடத்தைச் சமன்படுத்தி வைத்திருப்பார்கள். காவல் குழுவினர் காலையிலேயே சுற்றிப் பார்த்து, ஆபத்தான சரிவை அடைத்துவிடுவார்கள். சில இடங்களில் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரித்தும் விடுவார்கள். ஸ்கீ டூரிங்கில் இவற்றில் ஒன்றுமே கிடையாது. தூக்கியும் இல்லை, தடமும் இல்லை, காவலும் இல்லை. பலகையின் அடியில் 'ஸ்கின்' எனப்படும் பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகால் தூக்க வசதியான பிடிப்பில் காலை மாட்டி, சொந்தக் காலால் மலையேற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு, யாரும் தொடாத பனியில் இறங்க வேண்டும். அந்தப் பட்டை ஒரு காலத்தில் கடல்நாயின் தோலால் ஆனது. பெயர் அதனால் வந்தது. மயிர் ஒரே பக்கம் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். பூனையின் முதுகை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இக்காலத்தில் ஆட்டு மயிரிலும் நைலானிலும் செய்கிறார்கள்.

இதன் இன்பத்தை நான் குறை சொல்லவில்லை. நிசேக்கோவில் திடலின் எல்லைக் கயிற்றருகே நின்று அப்பால் பார்த்திருக்கிறேன். பூர்ச்ச மரங்களுக்கு நடுவே ஒரு காலடி கூடப் படாத வெண்மை! எனக்கே கயிற்றைத் தாண்டலாமா என்று தோன்றியது. அங்கே 'நிசேக்கோ விதிகள்' என்று வைத்திருக்கிறார்கள். எல்லைக்கு வெளியே போகலாம். ஆனால், கயிற்றுக்கு அடியில் நுழையக்கூடாது. அதற்கென உள்ள வாயிலின் வழியாகத்தான் போக வேண்டும். நிலைமை சரியில்லை என்றால் வாயிலை அடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறார்கள். வெளியே போனவரைத் தேட நேர்ந்தால் செலவை அவரே ஏற்க வேண்டும். தடை போடுவதைவிட இது நல்ல முறை என்பேன்.

இனி, பனிச்சரிவு. பெரும்பாலோர் இதை மேலே எங்கோ இருந்து தலையில் வந்து விழும் விபத்தாக நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. உயிர்ப்பலி நேரும் சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோ கிளப்பிவிட்டவைதாம். பழைய பனியின் மேல் வலுவற்ற ஒரு படலம் இருக்கும். அதன் மேல் புதுப் பனி பலகைபோல் இறுகிப் படிந்திருக்கும். ஒருவர் ஏறி நிற்கும் பாரத்தில் அந்தப் படலம் நொறுங்கும்; மேலே உள்ள பலகை முழுவதும் உடைந்து வழுக்கும். அதன் நடுவில் அவரே நின்றுகொண்டிருப்பார்.

இதற்குத் தேவையான சாய்வு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை. முப்பது பாகைக்குக் குறைவான சரிவில் இது நேர்வது அரிது. நாற்பதை ஒட்டிய சரிவு மிக மோசம். எண்ணைச் சொன்னால் மனத்தில் பதியாது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் பாகைமானியில் நூலைக் கட்டி, அழிப்பானைத் தொங்கவிட்டு, எங்கள் பள்ளி மாடிப்படியின் சாய்வை அளந்தேன். முப்பத்திரண்டு! தினமும் பிள்ளைகள் ஓடி ஏறும் படிக்கட்டு அது. பார்வைக்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! சறுக்குபவருக்கு இன்பமான சாய்வும் அதே அளவுதான் என்பது இவ்விளையாட்டின் சாபக்கேடு.

புதையுண்டவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? சுவிட்சர்லாந்தின் நாற்பதாண்டு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பத்து நிமிடத்திற்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் அது முப்பது பேரளவிற்குச் சரிந்துவிடுகிறது. மூச்சு முட்டுவதுதான் காரணம், குளிரன்று. மலையடிவாரத்திலிருந்து எந்த மீட்புப் படை, எந்த ஹெலிகாப்டர் பத்து நிமிடத்தில் வந்து சேரும்? ஆகவே, காப்பாற்றக் கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர் மட்டுமே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியலுக்கு வருவோம்.

மூன்று பொருள்கள் இல்லாமல் யாரும் போகக்கூடாது என்பதில் உலகெங்கும் ஒத்த கருத்து நிலவுகிறது. ஒன்று, டிரான்ஸீவர். ஜப்பானில் இதைப் பீக்கன் என்கிறார்கள். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் சிறு பெட்டி. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் குறிப்பொலி அனுப்பிக் கொண்டிருக்கும். கூட்டாளி புதைந்தால் மற்றவர்கள் தத்தம் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்த ஒலியைத் தொடர வேண்டும். மூன்று ஆன்டெனா உள்ள இலக்க முறைக் கருவியே வேண்டும். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய கருவி வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் மின்கலத்தையே போட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மின்னேற்றக் கலத்தைப் போட்டால் அளவுமானி பொய் சொல்லக்கூடும். கைப்பேசியை அதிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் வைக்க வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தண்டனை!

இரண்டாவது, துழாவுகோல். மடித்து வைத்திருப்பதை உதறினால் நீண்டு நிற்கும். குறைந்தது 240 செ.மீ. இருக்க வேண்டும். பெட்டி இடத்தைக் காட்டும். கோல்தான் ஆளைத் தொட்டுக் காட்டும். மூன்றாவது, உலோக மண்வாரி. பிளாஸ்டிக் ஆகாது. சரிந்து நின்ற பனி, பஞ்சாக இராது; இறுகிப் போயிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன் அளவுக்குப் பனியை அள்ள வேண்டிவரும்.

இங்கே ஒரு செய்தியைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் பிள்ளை வாங்கும் துழாவுகோலும் மண்வாரியும் நம் பிள்ளைக்குப் பயன்படா. அவை நண்பனைக் காப்பாற்றும் பொருள்கள். நம் பிள்ளையின் உயிர் நண்பனின் பையில் இருக்கிறது, நண்பனின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அக்காள் தன் மகனுக்கு எவ்வளவு உயர்ந்த பொருளை வாங்கிக் கொடுத்தாலும், உடன் வருபவனிடம் அது இல்லையென்றால், இருந்தும் பழகவில்லையென்றால், என்ன பயன்?

அவனுடைய கோலும் மண்வாரியும் இணையத்தில் வாங்கப்பட்டு, விலை குறைவு என்பதால் அக்காள் வீட்டு முகவரிக்கே வந்திருந்தன. "பழகிவிட்டாயா?" என்று கேட்டேன். "காணொளி பார்த்திருக்கிறோம் சின்னம்மா." விளையாட்டுப் போட்டிக்குப் பயன்படுத்தும் நிறுத்தற்கடிகாரத்தை எடுத்தேன். "சரி ஐயா, பையிலிருந்து எடுத்து இரண்டையும் பொருத்திக் காட்டு." மின்விசிறிக்கு அடியில், வழவழப்பான தரையில், கையுறை இல்லாமல், அவசரமும் இல்லாமல் அவனுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி ஆனது. கோலின் இழுகயிற்றை எங்கே பூட்டுவது என்று தெரியவில்லை. பழகியவர்கள் அரை நிமிடத்திற்குள் முடித்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் கூடத்திலேயே போயிற்று. அவன் முகம் சற்று வாடியது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, என்ன செய்வது? தேர்வில் தவறுவதானால் வீட்டுக் கூடத்தில் தவறட்டும்.

காற்றுப்பை வைத்த முதுகுப்பை அவன் பட்டியலில் மிக விலை உயர்ந்தது. பிடியை இழுத்தால் தோளின் மேல் பை உப்பிக்கொள்ளும். அது எப்படி மேலே மிதக்க வைக்கிறது என்று அக்காளுக்கு விளங்கவில்லை. தீபாவளி மிக்சர் டின்னைக் குலுக்கிக் காட்டினேன். ஓமப்பொடித் தூள் அடிக்குப் போய், கடலை மேலே வந்து நின்றது. ஓடும் பனியிலும் பெரிய உருவம் மேலே வரும். பை ஆளைப் பெரிதாக்குகிறது. பலன் உண்டா? உண்டு. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பெருஞ்சரிவில் சிக்கியவர்களின் இறப்பு விகிதம் பை விரியாதவரிடத்தில் நூற்றுக்கு 22; விரிந்தவரிடத்தில் 11. பாதியாகக் குறைகிறது என்று விற்பவர் சொல்வார். பை விரிந்தும் நூற்றில் பதினொருவர் இறக்கிறார்கள் என்று நான் படிக்கிறேன். மரத்தில் மோதினால், பாறையிலிருந்து விழுந்தால், பள்ளத்தில் பனி வந்து குவிந்தால் பையால் ஆவதொன்றுமில்லை. கனடாவில் பனிச்சரிவு இறப்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அடிபட்டதால் நேர்ந்தது என்று ஆய்ந்திருக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்கு டிரான்ஸீவரும் உதவாது. வாங்குவதானால் வாங்கட்டும், விமானத்தில் அதன் வாயுக் குப்பியைக் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதையும் தெரிந்து வாங்கட்டும்.

காலணியை மட்டும் இணையத்தில் வாங்கவே கூடாது. கடைக்குப் போய், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அணியப் போகும் காலுறையோடு போட்டு, அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். குதிகால் எழும்பினால் மலையேறும்போது தோல் உரிந்துவிடும். கால் கொப்புளித்தவன் நிதானமாகச் சிந்திக்க மாட்டான். அதனால் இதுவும் பாதுகாப்புப் பொருள்தான். பலகையைப் பற்றி என் கருத்துக்கு மதிப்பில்லை. எடை குறைந்தால் ஏறுவது சுலபம், இறங்குவது ஆட்டம்; ஹொக்கைடோவின் ஆழமான பொடிப்பனிக்கு நடு அகலம் 100 மி.மீட்டரை ஒட்டியோ மேலோ இருக்க வேண்டும் என்று அவனே விளக்கினான். காலைப் பிடிக்கும் பைண்டிங்கில், ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் வடிவமைத்த இரட்டை ஊசி முறையே இன்றும் பெரும்பாலும் வழக்கில் உள்ளது. முதலாண்டில் இவை எல்லாவற்றையும் வாடகைக்கே எடுக்கலாம். ஆடையில் பருத்தி வேண்டாம். ஏறும்போது வியர்க்கும், உச்சியில் அந்த ஈரமே எதிரியாகும். ஆகவே, மெல்லிய கம்பளி உள்ளாடை, கழற்றிப் போட வசதியான அடுக்குகள், மாற்றுக் கையுறை, தலைவிளக்கு.

ஹொக்கைடோவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மரத்தின் கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி இளம்பனி நிரம்பிய குழி இருக்கும். தலைகீழாக விழுந்தவர் தாமாக வெளிவர முடியாது. அசைய அசைய மேலும் மூழ்குவார். சரிவும் வேண்டாம், புயலும் வேண்டாம், இளவெயில் அடிக்கும் நாளிலேயே மூச்சு முட்டும். இதற்கு விற்கப்படும் கருவி ஒன்றும் இல்லை. இருவர் இருவராக, ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும்படி இறங்குவதொன்றே வழி. கைக்கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டாமலும் இருக்க வேண்டும்.

இனி, இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்கிறேன்.

2017 மார்ச் 27. ஜப்பானின் தொச்சிகி மாநிலத்தில், நாசு என்னும் ஊரில், உயர்நிலைப்பள்ளி மலையேற்றக் கழக மாணவர்களுக்கு மூன்று நாள் வசந்த காலப் பயிற்சி முகாம். மலைப் பாதுகாப்புக்கான பயிற்சி என்பதைக் கவனியுங்கள்! கடைசி நாளில் மலையுச்சிக்குப் போகும் திட்டம் இருந்தது. முந்திய இரவு பெரும்பனி பெய்தது; பனிச்சரிவு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்கள் உச்சிப் பயணத்தைக் கைவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே! பருவம் முடிந்து மூடியிருந்த சறுக்குத் திடலை ஒட்டிய சரிவில், ஆழப்பனியில் வழி உடைத்து நடக்கும் பயிற்சி வைத்தார்கள். காலை எட்டரை மணிக்குமேல் பனி சரிந்தது. ஏழு மாணவர்களும் ஓர் இளம் ஆசிரியரும் இறந்தார்கள். யாரிடமும் டிரான்ஸீவர் இல்லை. காவல்துறைக்குத் தகவல் போய்ச் சேரவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 2024 மே மாதம் உத்சுனோமியா மாவட்ட நீதிமன்றம் பொறுப்பிலிருந்த ஆசிரியர்கள் மூவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், அனுபவமற்றவர்களும் அல்லர். திட்டம் தவறிய நாளில் பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க மனமில்லாத ஆசிரியர்கள். நம்மில் யார் அப்படி இல்லை?

பொருள் இருந்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் திடலுக்குப் பின்புறமுள்ள டனல் கிரீக் சரிவில் பதினாறு பேர் இறங்கினார்கள். பெரும்பாலும் தேர்ந்த சறுக்கர்கள். இடத்தை நன்கறிந்த உள்ளூர்க்காரர்கள் பலர். ஏறக்குறைய 80 செ.மீ. புதுப் பனி விழுந்திருந்தது; எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது. மூவர் இறந்தனர், காற்றுப்பையை விரித்த ஒரு பெண்மணி பிழைத்தார். நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜான் பிராஞ்ச் இதை விரிவாக எழுதி 2013இல் புலிட்சர் பரிசு பெற்றார். அதைப் படித்தபோது என்னைத் தைத்தது வேறொன்று. குழுவில் சிலருக்கு உள்ளூர ஐயம் இருந்திருக்கிறது. இத்தனை பேர் போகிறார்களே, இவர்களுக்குத் தெரியாததா என்று வாய்திறக்கவில்லை. 2023 ஜனவரியில் ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் பனிச்சரிவில் இறந்த இருவரில் ஒருவர் கைல் ஸ்மெய்ன். 2015இல் உலக வாகையர் பட்டம் வென்ற வீரர். திறமை பனியைத் தடுக்காது.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் எழுநூறுக்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து, மனிதர் ஏமாறும் வழிகளைத் தொகுத்திருக்கிறார். பழகிய இடம் என்ற துணிவு. எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்ற பிடிவாதம். மற்றவர் மதிக்க வேண்டும் என்ற ஆசை. தலைவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை. பிறர் போகிறார்களே என்ற தைரியம். இன்று விட்டால் கிடைக்காது என்ற அவசரம். இவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதே, ஆசிரியர் சொன்னால் கேள், கூட்டத்தோடு ஒத்துப் போ என்றெல்லாம் சொல்லித்தானே வளர்க்கிறோம்? வகுப்பறையில் இவை நற்பண்புகள். முப்பத்தைந்து பாகைச் சரிவில் இவையே ஆளைக் கொல்கின்றன.

நானும் இதற்கு விலக்கன்று. பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில் ஓர் அருவிக்குப் புறப்பாட நடவடிக்கையாகச் சென்றோம். மேலே மலையில் மழை இருட்டிக்கொண்டு நின்றது. ஆற்றைக் கடக்கும்போது ஒரு தோழி, "தண்ணீர் கலங்குகிறது, திரும்பிவிடலாம்," என்றாள். நாங்கள் அனைவரும் சிரித்தோம். உரக்கச் சிரித்தவள் நான். கால் மணி நேரத்தில் வெள்ளம் இறங்கியது. இருவரைச் சிறிது தூரம் இழுத்துப் போயிற்று. ஒரு மர வேர் கையில் அகப்பட்டதால் பிழைத்தார்கள். அந்தத் தோழி அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்களும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

ஆகவே, அக்காள் மகனுக்கு நான் சொன்னது இதுதான். பட்டியலைத் தலைகீழாக்கு. முதல் செலவு பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்கு. நீ மட்டுமல்ல, உடன் வரும் மூவரும் சேர வேண்டும். அடுத்து மூன்று பொருள்கள், நால்வருக்கும். அடுத்து காலணி. காற்றுப்பையும் புதுப் பலகையும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். முதல் சில பயணங்களுக்குப் பன்னாட்டுச் சான்று பெற்ற மலை வழிகாட்டியோடு போ. அவரிடமும் கேள்வி கேள். கேள்வியை விரும்பாத வழிகாட்டி வேண்டாம்.

பெற்றோர்களாகிய நாம், "கவனமாய் இரு" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு "சரிம்மா" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. பதிலாக, அன்றைய பனிச்சரிவு அபாய நிலை என்ன என்று கேளுங்கள். ஐரோப்பாவில் 1993 முதல் ஒன்று முதல் ஐந்து வரை அளவிடுகிறார்கள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்காதீர்கள். மிகுதியானோர் இறப்பது மூன்றில்தான், ஏனெனில் நான்கில் வெளியே போகிறவர்கள் குறைவு. போகும் சரிவு எத்தனை பாகை என்று கேளுங்கள். முப்பதுக்குக் கீழே இன்பமான இடங்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு மேலே செங்குத்தான சரிவு தொங்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடப்பீர்களா, புறப்படும் முன் ஒவ்வொருவர் பெட்டியும் வேலை செய்கிறதா என்று சோதிப்பீர்களா என்று கேளுங்கள். காலடியில் 'உம்ம்' என்று பனி அமுங்கும் ஒலி கேட்டாலோ, பலகையிலிருந்து விரிசல் ஓடினாலோ என்ன செய்வாய் என்று கேளுங்கள். திரும்புவேன் என்பதே சரியான விடை. எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று யார் முடிவு செய்தது, ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் திரும்புவீர்களா என்றும் கேளுங்கள். காப்புறுதியையும் விட்டுவிடாதீர்கள். பல பயணக் காப்புறுதிகள் திடலுக்கு வெளியே நேர்வதற்குப் பொறுப்பேற்பதில்லை. சிறு எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

சென்ற வாரம் அவனிடமிருந்து புலனத்தில் செய்தி வந்தது. டிசம்பரில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டானாம். பலகையை வாடகைக்கு எடுக்கிறானாம். கோலையும் மண்வாரியையும் பொருத்த இருபத்தெட்டு வினாடி; கையுறையோடு! மகிழ்ச்சியாக இருந்தது. நண்பர்களில் இருவர் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாமவன் ஐந்தாண்டாகச் சறுக்குபவன், காரும் அவனுடையது. "எனக்கு எதற்கு வகுப்பு?" என்கிறானாம்.

"அப்படியானால் அவனோடு போவாயா?" என்று கேட்டு எழுதினேன். படித்துவிட்டான் என்பதற்கு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அக்காள் இப்போது நாள்தோறும் இரவில் தொலைபேசியில் மகனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "அந்தப் பையன் வகுப்பில் சேர்ந்தானா?" என்று கேட்கிறார்.